கொடுங்கையின் அடியில் ஒரு பள்ளம்

மதுரையில் கீழ மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், துணிக்கடைகளின் கிடங்குகளுக்கு நடுவே பழைய மாடிவீடு ஒன்று இருக்கிறது. மூன்று மாதமாக என் கண்ணும் கையும் அந்த வீட்டின் நெற்றியில்தான் இருக்கின்றன. மாடியின் கைப்பிடிச்சுவரையும், அதன் கீழே சுவரிலிருந்து முன்னே நீண்டு வீட்டின் அகலம் முழுக்க ஓடும் விளிம்பான கொடுங்கையையும் வலது பக்கத்தில் ஓர் அரசங்கன்று பிளந்துவிட்டது. போன ஐப்பசி மழையில் ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளம் இற்றுப்போய்ச் சந்தில் விழுந்தது. நள்ளிரவு என்பதால் யாருக்கும் அடிபடவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பார்க்க வந்த ஒப்பந்தக்காரர்கள் மூன்று பேரும், மிச்சத்தையும் இடித்துவிட்டு நேராகச் சிமென்ட் பூசிவிடலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். "இடது பக்கம் அப்படியே நிற்கிறதே, அதைப் பார்த்து இதைச் செய்ய ஒருவருக்கும் தெரியாதா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே வேலையை எடுத்துக்கொண்டேன்.

என் வழக்கமான வேலை வேறு. பழங்காநத்தத்தில் மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து எட்டு ஆண்டுகளாக ரெவிட் என்ற மென்பொருளில் கட்டடங்களின் முப்பரிமாண மாதிரிகளை உருவாக்குகிறேன். மருத்துவமனைகள், பள்ளிகள், அலுவலகங்கள். எல்லாம் நேர்ச்சுவர், நேர்க்கூரை, கதவு, குழாய். பூவும் வளைவும் வரியும் உள்ள ஒரு முகப்பை அளந்து, மாதிரி செய்து, அதிலிருந்து கொத்தனார் கையில் கொடுக்கும் வரைபடம் எடுப்பது எனக்கு இதுவே முதல் முறை.

முதலில் செய்ததை இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. எதிர்வீட்டு மாடியிலிருந்து நல்ல கேமராவில் கொடுங்கையைப் படம் எடுத்தேன். படத்தைத் திரையில் போட்டு, விளிம்பின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு வரைந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுக் கோடுகள் சேர்ந்து ஒரு குறுக்குவெட்டு வந்தது. அதைச் சுவரின் வழியே ஓடவிட்டால் கொடுங்கை கிடைத்துவிடும். ரெவிட்டில் இதற்கு ஸ்வீப் என்று பெயர்: குறுக்குவெட்டை, அதாவது புரொஃபைலை, ஒரு பாதையின் மேல் நகர்த்தினால் அது கடந்த இடமெல்லாம் திடப்பொருளாகும். ஆனால் என் குறுக்குவெட்டில் சில துண்டுகள் மிகச் சிறியவை. ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை ரெவிட் ஏற்காது. அவற்றைச் சேர்த்து, நீட்டி, ஒட்டுப்போட்டு ஒருவழியாக ஓடவிட்டேன். ஒவ்வொரு துண்டும் ஒரு பட்டையாக நீண்டு, கொடுங்கை முழுவதும் நூறு கோடுகள் நெருக்கி ஓடின. அச்சடித்துப் பார்த்தால் தாளில் கறுப்புத் திட்டு ஒன்றுதான் தெரிந்தது.

தவறு மென்பொருளில் இல்லை. வீட்டைக் கட்டியவர் அந்த வடிவத்தை எப்படிச் செய்தார் என்று கேட்காமல், அது இன்று எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் படியெடுக்கப் போனேன். அங்கேதான் பிழை.

அதைக் காட்டிக்கொடுத்தவர் மேஸ்திரி. சுண்ணாம்பு வேலையில் பழகிய கை. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் பூச்சு வேலை பார்த்தவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் சேர்க்கும் பக்குவத்தை இன்றும் மூக்கால்தான் அறிவார். சாரம் கட்டிய முதல் நாள், இடிந்த முனையருகே போய்ப் பலகையில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"படத்தைப் பார்த்தது போதும் தாயி, முறிந்த இடத்தைப் பாருங்கள்" என்றார்.

முறிந்த இடத்தில் கொடுங்கையின் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. பழைய மெல்லிய செங்கல் மூன்று வரிசை. ஒவ்வொன்றும் தன் கீழ் வரிசையைவிட முன்னால் தள்ளி நிற்கிறது. அந்தப் படிக்கட்டின் மேல் மணல் கலந்த கரடுமுரடான சுண்ணாம்புக் காரை, அதன் மேல் மாவு போன்ற மெல்லிய பூச்சு. வளைவுகள் எல்லாம் அந்த இரண்டு காரையில் பிறந்தவை. எவ்வளவு முன்னே நீளலாம், எங்கே திரும்பலாம் என்பதைச் செங்கல் முன்பே முடிவு செய்துவிட்டது.

பிறகு கையை இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினார். தகரத்தில் வடிவத்தை வெட்டி, பலகையில் ஆணியடித்து, சுவரோடு பொருத்திய ரீப்பர் கட்டையின் மேல் அந்தப் பலகையைச் சறுக்கிக்கொண்டே போவார்கள். ஒருவர் காரையை அள்ளி அப்ப, இன்னொருவர் தகட்டை இழுப்பார். மிகுதி வழிந்து விழும், வடிவம் சுவரில் நிற்கும். இந்த வேலைக்கு அவர் சொல்லும் சொல் 'இழுப்பது'. "கொடுங்கை இழுக்க வேண்டும்" என்பார்.

நான் எட்டு ஆண்டுகளாக ஸ்வீப் என்று அழுத்திக்கொண்டிருந்த பொத்தான் அதுதான். புரொஃபைல் என்பது தகடு, பாதை என்பது ரீப்பர் கட்டை. சாரத்தில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு அவ்வளவு பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அலங்காரத்தின் முன்னாலும் நின்று, இது இழுத்ததா, அச்சில் வார்த்து ஒட்டியதா, கையால் பிடித்ததா என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். இழுத்தது என்றால் ஸ்வீப். வார்த்தது என்றால் ஒரே ஃபேமிலி, அதாவது ஒருமுறை செய்து வைக்கும் உறுப்பு, அதைப் பல இடத்தில் வைக்கலாம். கையால் பிடித்தது என்றால் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அளவெடுப்பு. மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஈயப்பற்றுக் கம்பியை வாங்கிவந்து கொடுங்கையின் மேல் அழுத்தினேன். கம்பி வளைவுகளில் நன்றாகப் படிந்தது. ஆனால் உள்வாங்கிய இடத்திலிருந்து உருவும்போது வளைந்து பொய் சொல்லியது. ஆகவே முறிந்த முனையிலேயே கெட்டி அட்டையை ஒட்டிவைத்து, பென்சிலால் விளிம்பைச் சுற்றி வரைந்தேன். முழு அளவில், ஒன்றுக்கு ஒன்று.

அந்த அட்டையைக் கீழே கொண்டுவந்து அளந்தபோது 38, 76, 51 என்று மில்லிமீட்டர்கள் வந்தன. ஏதோ தற்செயலான எண்கள் போல இருந்தவை, அங்குலத்துக்கு மாற்றியதும் வாயைத் திறந்தன: ஒன்றரை, மூன்று, இரண்டு. வீடு அடியிலும் அங்குலத்திலும் கட்டப்பட்டது. ஒரு கால்வட்டம், அதன் கீழே அரை அங்குல நேர்ப்பட்டை, பிறகு எஸ் வடிவத்தில் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் இரண்டு வில்கள், மறுபடியும் ஒரு பட்டை. நூறு துண்டுக் கோடுகள் போய், நான்கு நேர்கோடும் மூன்று வில்லும் மிஞ்சின. கோப்பு இலேசானது, வரைபடத்தில் கறுப்புத் திட்டு மறைந்தது. அட்டைக்கும் என் வடிவத்துக்கும் சில இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. அதை நான் திருத்தவில்லை. அட்டையில் இருப்பது பல பத்தாண்டு வெள்ளையடிப்பும் மழையும் சேர்ந்து செய்த வடிவம். என் கோட்டில் இருப்பது தகட்டை வெட்டியவர் மனத்தில் இருந்தது. அப்படித்தான் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் இரண்டாவது பிழை செய்தேன். கொடுங்கையின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, அட்டையில் ஒரு மெல்லிய குழிவு பதிந்திருந்தது. இரண்டு மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. தேய்மானம் என்று நினைத்து அதை நேர்கோடாக்கிவிட்டேன்.

தகடு வெட்டுவதற்காக முழு அளவில் அச்செடுத்துக்கொண்டு போனேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழு அளவில் அச்செடுக்கும்போது தாளின் ஓரத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்து வையுங்கள். கடையிலேயே ஸ்கேலை வைத்து அதை அளந்து பாருங்கள். தாளுக்குள் அடங்கட்டும் என்று கணினி தானாகச் சுருக்கிவிடும். எனக்கு முதல் பிரதியில் அந்தக் கோடு 291 தான் இருந்தது. கவனிக்காமல் வெட்டியிருந்தால் புதுக் கொடுங்கையும் பழையதும் சேரும் இடத்தில் ஒரு படி விழுந்திருக்கும்.

மேஸ்திரி தாளை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"அடியில் பள்ளம் எங்கே தாயி?"

"அது தேய்ந்துபோன இடம் என்று நினைத்தேன் ஐயா."

அவர் பதில் சொல்லவில்லை. சாரத்தில் ஏறி, இடது பக்கம் நன்றாக இருக்கும் கொடுங்கையின் அடியில் ஓர் ஆணியை வைத்துக் கீறினார். சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. வெள்ளை, அதற்குள் ஒரு நீலம், மறுபடியும் வெள்ளை, மஞ்சள் காவி. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்தது. அத்தனையும் உதிர்ந்தபின் என் சுண்டுவிரல் அடங்கும் அளவுக்கு ஒரு பள்ளம் திறந்தது. அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம். கொடுங்கையின் முழு நீளத்துக்கும் ஓடியது.

மேலே விழும் மழைநீர் முன்விளிம்பில் வழிந்து, அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே உள்நோக்கி ஊர்ந்து சுவரைச் சேரப் பார்க்கும். பள்ளத்தின் விளிம்பு வந்ததும் அதைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். வெள்ளையடித்து வெள்ளையடித்துப் பள்ளம் அடைபட்டபின், தண்ணீர் சுவருக்குப் போயிருக்கிறது. ஈரம் நின்ற விரிசலில்தான் அரசங்கன்று வேர் பிடித்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு அடி விழுந்ததற்கு மூலகாரணமே, நான் தேய்மானம் என்று அழித்த அந்தக் கோடு.

அன்று மாலை வீடு திரும்பியதும் மாதிரியைத் திறந்து பள்ளத்தைச் சேர்த்தேன். ஒரு புரொஃபைலைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்பது ரெவிட்டின் பெரிய வசதி. பத்து நிமிட வேலை. ஆனாலும் அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. அலங்காரம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு உண்மையில் வேலை செய்யும் உறுப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தவர். கடைகள் இப்போது இடம் மாறிவிட்டன. பள்ளி விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் என்பதெல்லாம் அப்போது எனக்குப் பெரிதில்லை. தூணின் அடிப்பீடத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். உருண்டையாக வரும் இடம் முதுகுக்கு இதமாக இருக்கும், அதற்கு மேலே உள்வாங்கிய இடத்தில் பென்சில் பெட்டியை வைக்கலாம். உருண்டைக்குப் பெயர் குமுதம், உள்வாங்கியதற்குக் கண்டம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கீழிருந்து உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. தூணில் என்றால் கும்பம், பலகை, போதிகை. கூரை விளிம்பில் கபோதம், அதில் கூடுகள். குறுக்குவெட்டு ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது. உருண்டால் விருத்த குமுதம், பட்டை பிடித்தால் முப்பட்டைக் குமுதம் என்று வகைகூட இருக்கிறது.

அதனால் இந்த வேலைக்காக நான் சேர்த்த புரொஃபைல்களுக்கெல்லாம் இந்தப் பெயர்களையே வைத்தேன். மாசி வீதி வீட்டின் கொடுங்கை மேல்நாட்டு வடிவம் கலந்தது என்பது எனக்குத் தெரியும். எஸ் வளைவு கோயிலிலிருந்து வந்ததல்ல. ஆனால் அதற்குக் கீழே சன்னல் தலைப்பில் இழுத்திருக்கும் உருண்டை, புது மண்டபத்தில் என் முதுகு அறிந்த அதே குமுதம். கட்டியவர் இரண்டையும் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர், வேறு எப்படிக் கட்டுவார்?

இப்படிக் கலந்து கட்டியதன் பெரிய அண்ணன் திருமலை நாயக்கர் மஹாலில் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கே இருந்தேன். 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பங்கைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மிச்சமும் விழ இருந்த நிலையில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். ஆகவே அங்கே நாம் பார்க்கும் சுதைவேலை ஒரே காலத்துக் கை அல்ல. பழுதுபார்த்தவர்களின் கைகளும் அதில் ஏறியிருக்கின்றன. அளவெடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

தூண்களை இணைக்கும் வளைவுகள்தான் எனக்குப் பாடம். இதழ் இதழாக வெட்டிய வளைவு. அதன் விளிம்பை ஒட்டியே ஒரு வரி போகிறது. வீட்டுக்கு வந்து அதை மாதிரி செய்ய முயன்றேன். பாதையை இதழ்களாக வரைந்து குறுக்குவெட்டை ஓடவிட்டால், மென்பொருள் முடியாது என்றது. இதழின் உள்வட்டத்தின் ஆரத்தைவிட வரியின் அகலம் பெரிதாக இருந்தால், வடிவம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், திடப்பொருள் உருவாகாது. வரியைச் சிறிதாக்கினேன், வந்தது. மறுவாரம் மஹாலுக்குப் போய்க் கூர்ந்து பார்த்தேன். இதழின் வளைவு இறுகும் இடத்தில் அங்கேயும் வரி மெலிகிறது. தகட்டை இழுக்க முடியாத இடத்தில் கரணையால் முடித்திருக்கிறார்கள்.

மாசி வீதி வீட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. முகப்பு பக்கச்சுவரைச் சந்திக்கும் உள்மூலை. திரையில் கொடுங்கை மூலையில் தானாகச் சாய்வெட்டாகச் சேர்ந்துகொள்கிறது. சாரத்தில் பலகை மூலைவரை போகாது. கடைசி ஆறேழு அங்குலத்தைக் கண்ணளவில், கையால் இணைக்க வேண்டும். மூலையும் தொண்ணூறு பாகையில் இல்லை, எண்பத்தேழு. முதலில் சுவரைத் தொண்ணூறுக்குத் திருப்பிவிட்டிருந்தேன். பிறகு எண்பத்தேழாகவே வைத்தேன். பழைய வீட்டை மாதிரியில் நிமிர்த்தி வைப்பவர்கள், நாளை சாரத்தில் நிற்பவருக்குத் தொல்லையைச் சேர்த்து வைக்கிறார்கள்.

கொடுங்கையைத் தாங்குவதுபோல் வரிசையாக நிற்கும் சிறு தாங்குகள் இருபத்திரண்டு. அச்சில் வார்த்தவை, ஒரே ஃபேமிலி போதும். சம இடைவெளியில் அடுக்கிவிட்டு அளந்து பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. மூலைக்கு ஒன்று, வாசலின் நேர் மேலே ஒன்று என்று முதலில் வைத்து, மிச்ச இடத்தைப் பிரித்திருக்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் பன்னிரண்டு அங்குலம், மறுபக்கம் பன்னிரண்டரை. அப்படியே வைத்தேன்.

ஆயத்தமாகக் கிடைக்கும் கொடுங்கைக் கோப்புகளைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஊருக்கு வெளியே எழும் புது வீடுகளைப் பாருங்கள். தெர்மோகோலில் வெட்டி மேலே பூசி ஒட்டிய ஒரே வரி, ஒரே தாங்கு. கணினியில் தேடியதும் முதலில் வந்து விழுந்த கோப்பு அது. அதன் அளவு எந்தச் செங்கல்லிலிருந்தும் வரவில்லை. பெரும்பாலானவற்றின் அடியில் பள்ளமும் இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவரில் கறுப்பு இறங்கியிருப்பதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். மதுரையில் இன்னும் நிற்கும் நூறு பழைய முகப்புகளில் நூறு தகடுகளின் வடிவம் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக அளந்து சேர்த்தால், புது வீடு கட்டுகிறவர்களுக்கும் அது உதவும். நான் ஆறு சேர்த்திருக்கிறேன்.

தகடு இரண்டு வெட்டினோம். கரட்டுக் காரைக்கு ஒன்று, அது கால் அங்குலம் உள்ளே. மேல்பூச்சுக்கு ஒன்று, சரியான அளவில். போன வெள்ளிக்கிழமை இழுத்து முடித்தார்கள். பழையதும் புதியதும் சேரும் இடத்தை மேஸ்திரி ஈரக்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் விரலை அடிப்பள்ளத்தில் வைத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நடக்கச் சொன்னார். எங்கும் தட்டவில்லை.

மிச்சமிருப்பது மயில். நெற்றியின் நடுவில் தோகை விரிக்காமல் ஒருபக்கமாகத் திரும்பி நிற்கும் சுதை மயில். கழுத்தில் விரிசல், அலகு இல்லை. கையால் பிடித்தது, இழுக்கவும் முடியாது, அச்சில் வார்க்கவும் முடியாது. கைப்பேசியில் சுற்றிச் சுற்றி எண்பது படம் எடுத்து முப்பரிமாண வலையாக மாற்றினேன். இலட்சக்கணக்கான முக்கோணங்கள். அதை முகப்புக் கோப்பில் சேர்த்தால் கணினி திணறும். தனிக் கோப்பில் வைத்து, முகப்பில் அதன் இடத்துக்கு ஒரு எளிய பெட்டியை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். வரைபடத்தில் அந்தப் பெட்டிக்குள் 'மயில், கைவேலை' என்று எழுதியிருக்கிறது.

வலை வடிவம் அலகைத் தரவில்லை, தர முடியாது. விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர் ஒருவரிடம் படங்களைக் காட்டியிருக்கிறேன். களிமண்ணில் மூன்று அலகு செய்து வைப்பதாகவும், வீட்டுக்கார அம்மாவே வந்து எது என்று சொல்லட்டும் என்றும் சொன்னார். அந்த அம்மா சிறுவயதில் தினமும் பார்த்த மயில் அது. புதன்கிழமை அழைத்துக்கொண்டு போகிறேன்.